பேட்டரி நல்லாத்தான் இருக்கு

"மேடம், ராத்திரி ஏதாவது லைட்டை ஆஃப் பண்ண மறந்துட்டீங்களா?"

அந்த மழைக்காலத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத ஆள் பாக்கி இல்லை. பால் ஊற்றுகிறவர் கேட்டார். எங்கள் பள்ளி வாட்ச்மேன் கேட்டார். கார் ஓட்டவே தெரியாத ஒருவர், பஸ்ஸுக்குக் காத்திருந்தவர், சாலையைக் கடந்து என் ஜன்னல் பக்கம் வந்து குனிந்து கேட்டுவிட்டுத் திரும்பவும் போய் நின்றுகொண்டார். நான் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. பன்னிரண்டாம் வகுப்புக்கு மின்னோட்டம் பற்றிய பாடத்தை வருடா வருடம் நடத்துகிறவள். விளக்கை அணைக்காமல் விட்டால் பேட்டரி தீர்ந்துவிடும் என்பது எனக்கும் தெரியும்.

விஷயம் இதுதான். என் கார் காலையில் ஸ்டார்ட் ஆகாது. சாவியைத் திருப்பினால் டிக், டிக் என்று பல்லி சொல்வதுபோல ஒரு சத்தம் வரும். மீட்டரில் இருக்கிற விளக்கெல்லாம் மங்கி அணைந்துபோகும். சில நாள் மூன்றாம் முறை திருப்பும்போது பெரிய மனசு பண்ணி எடுத்துக்கொள்ளும். சில நாள் எடுக்கவே எடுக்காது. பேட்டரி பழசு என்றால் ஆறுதல் இருந்திருக்கும். பேட்டரி புத்தம் புதுசு. ஆயுத பூஜை சமயத்தில்தான் மாற்றியிருந்தோம்.

அந்த கார் எனக்கு என்னவென்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் கோபம் ஜாஸ்தியாகத் தெரியும். அதற்கு முன்னால் பல வருடம் வேங்கிக்கால் வீட்டிலிருந்து பள்ளிக்கு இரண்டு பஸ் மாறிப் போனவள் நான். யாரோ ஒருவர் முழங்கை என் விலாவில், என் டிபன் பை யாரோ ஒருவர் மடியில். காரை வாங்கிய பிறகுதான் காலையில் அரைமணி நேரம் என்னோடு யாரும் பேசாத ஒரு இடம் எனக்குக் கிடைத்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டு, இரண்டு பக்கமும் நெல் வயலும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லையுமாகப் போகிற ரோட்டில் எனக்குப் பிடித்த வேகத்தில் போவேன். வரும்போது நினைத்த இடத்தில் நிறுத்திக் காய் வாங்குவேன். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. என் சம்பளத்தில், என் பெயரில் வாங்கிய வண்டி.

முதலில் என் கணவர் பொறுமையாகத்தான் இருந்தார். அவருக்குக் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் வேலை, வீட்டிலிருந்து நடந்தே போய்விடுவார். வண்டி எடுக்காத காலைகளில் எதிர்வீட்டுக் காரிலிருந்து ஒயர் போட்டு ஸ்டார்ட் செய்து கொடுப்பார். ஒயரைப் போட்டதும் வண்டி ஒன்றுமே நடக்காததுபோல உறுமிக்கொண்டு எழும். அங்கேதான் எல்லோருக்கும் தீர்ப்பு எழுத வசதியாகப் போய்விட்டது. அடுத்த வண்டி பேட்டரியில் எடுக்கிறது என்றால் இந்த வண்டி பேட்டரியில் சார்ஜ் இல்லை. பேட்டரி புதுசு. அப்படியென்றால் யாரோ சார்ஜைத் தீர்த்திருக்கிறார்கள். யாரோ என்றால் வேறு யார்? வண்டியை ஓட்டுகிறவள் ஒருத்திதானே.

"நீ ஏசியைப் போட்டுட்டே எஞ்சினை ஆஃப் பண்றியா?" என்றார் கணவர்.

"இல்லைங்க."

"உள்ள லைட்டு?"

"போடறதே இல்லைங்க."

"அப்புறம் எப்படி?"

நான் எப்படி என்று சொல்ல வேண்டுமாம். குற்றம் சுமத்துகிறவர்தானே நிரூபிக்க வேண்டும்? எங்கள் வீட்டில் அது தலைகீழ்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் பாயிடம் கொண்டுபோனேன். அவர் குடும்பமே அந்தத் தெருவில் வண்டி ஒயரிங் வேலை பார்க்கிறது. தங்கமான மனுஷர், ஆனால் கடை முன்னால் எப்போதும் நாலு வண்டி நிற்கும். மீட்டரை வைத்துப் பார்த்தார்.

"பன்னெண்டு புள்ளி ஆறு இருக்குது டீச்சர். பேட்டரி நல்லாத்தான் இருக்கு."

எஞ்சினை ஓடவிட்டு டைனமோவைப் பார்த்தார். "பதினாலு வருது. இதுவும் நல்லாத்தான் இருக்கு."

"எல்லாம் நல்லா இருந்தா ஏன் பாய் எடுக்க மாட்டேங்குது?"

அவர் சங்கடமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். "லைட்டு கீட்டு ஏதாவது..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பேட்டரி ஒயரைத் தளர்த்திக் கழட்டி மறுபடி மாட்டி முடுக்கிக் கொடுத்தார். வண்டி ஒரே திருப்பில் எடுத்தது. நான் பாயை மனசுக்குள் வாழ்த்திக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

கொஞ்ச நாள்தான். மறுபடியும் பல்லி.

திரும்பப் போனேன். இந்தமுறை பாட்டு கேட்கிற பெட்டிதான் கரண்ட்டைக் குடிக்கிறது என்று அதைக் கழட்டினார். பாட்டு போயிற்று, பல்லி போகவில்லை. அதன்பிறகு கணவருக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் செல்ஃப் மோட்டார்தான் கோளாறு என்று அடித்துச் சொல்லி அதைக் கழட்டிப் பழுது பார்த்தார். கழட்டுவதற்கு முன்னால் பேட்டரி ஒயரைக் கழட்ட வேண்டுமல்லவா, கழட்டி மாட்டினார். அதனால் அதற்கும் பிறகு கொஞ்ச நாள் நன்றாக எடுத்தது. அவரும் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். இதில் எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. வண்டி கெட்டே கிடந்தால்கூடப் பரவாயில்லை. யார் தொட்டாலும் நாலு நாள் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு, என்னிடம் தனியாக இருக்கும்போது மட்டும் காலை வாருகிற வண்டியை எந்தக் கோர்ட்டில் நிறுத்துவது?

அப்புறம் அந்தப் பௌர்ணமி வந்தது.

பள்ளி முடிந்து ஊருக்குள் வருவதற்குள் கிரிவலக் கூட்டம் ஆரம்பித்துவிட்டது. பௌர்ணமியன்று எந்த ரோட்டை எப்போது அடைப்பார்கள் என்று எங்களுக்கே தெரியாது. தடுப்புக்கு முன்னால் போலீஸ்காரர் கையைக் காட்டினார், எஞ்சினை அணைத்தேன். அவர் போகச் சொன்னபோது எஞ்சின் வரவில்லை. பின்னால் வேன், ஆட்டோ, வெளியூர் பஸ், எல்லாம் ஹாரன். வெறுங்காலோடு மலை சுற்றப் போய்க்கொண்டிருந்த ஒரு கூட்டம் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு வண்டியைத் தள்ள ஆரம்பித்தது. ஒருவர் "அண்ணாமலையாருக்கு" என்று குரல் கொடுக்க, மற்றவர்கள் "அரோகரா" என்று ஒரு தள்ளு. மறுபடி ஒரு குரல், மறுபடி ஒரு தள்ளு. இரண்டாம் கியரில் கிளட்சை விட்டேன், வண்டி குதித்து எழுந்தது. கூட்டம் கைதட்டியது. அவர்கள் நல்லவர்கள், அவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

யாரோ அதை வீடியோ எடுத்திருந்தார்கள். நான் வீட்டுக்கு வருவதற்குள் அது என் கணவரின் ஆபீஸ் குரூப்பில் வந்துவிட்டது. கீழே சிரிக்கிற முகங்கள் வரிசையாக. ஒருவர், "சார், மேடத்துக்கு அண்ணாமலையாரே டிரைவிங் கிளாஸ் எடுக்குறாரு" என்று எழுதியிருந்தார்.

கணவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். போனை என் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு, "போதும்மா. இந்த வண்டி நமக்கு வேணாம். வித்துடலாம். எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் கேட்டுட்டே இருக்காரு. நீ முன்ன மாதிரி பஸ்ல போயிக்கோ, நிம்மதி" என்றார்.

"யாருக்கு நிம்மதி?"

"எல்லாருக்கும்தான்."

வண்டி கோளாறு என்றால் கோளாறைச் சரிசெய்வார்கள். ஆனால் அவர் பேச்சில் கோளாறு நான். "கோளாறு சரியாயிடுச்சின்னா?" என்று கேட்டேன். "சரியாயிட்டா அப்ப பாத்துக்கலாம்" என்றார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த ஆள் வண்டியைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. நான் அந்த வாரம் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை.

கோபத்தில் ஒரு நல்லது நடந்தது. அந்த வாரம் வகுப்பில் மின்கலத்தின் அக மின்தடை நடத்திக்கொண்டிருந்தேன். சும்மா இருக்கும்போது மின்கலத்தில் அளந்தால் மின்னழுத்தம் முழுசாகக் காட்டும், வேலை வாங்கும்போது அளந்தால்தான் குறைவது தெரியும் என்று வழக்கம்போலச் சொன்னேன். பத்து வருடமாகச் சொல்கிற வாக்கியம். சொல்லிவிட்டுக் கரும்பலகையைப் பார்த்தபடியே நின்றுவிட்டேன். பாய் அளந்தது எல்லாம் வண்டி சும்மா நிற்கும்போது, இல்லாவிட்டால் எஞ்சின் ஓடும்போது. மோட்டார் சுற்ற முயல்கிற அந்த நிமிடத்தில் யாரும் அளக்கவே இல்லை. ஒயருக்குள்ளோ இணைப்பிலோ எங்கேயாவது தடை இருந்தால், கரண்ட் ஓடாதபோது அது தெரியவே தெரியாது. எனக்குப் பாய்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்ததுதான் அதிகம்.

சனிக்கிழமை காலையில், லீவு நாளிலும் வேலை இருக்கிறது என்று கணவர் ஆபீஸுக்குப் போனதும், வாங்கி வைத்திருந்த மல்டிமீட்டரோடு பானட்டைத் திறந்தேன். அப்போதுதான் புரிந்தது, இதற்கு இன்னொரு ஆள் வேண்டும். நான் முன்னால் நின்று முனைகளைப் பிடிக்கும்போது யாராவது உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்ப வேண்டும். வீட்டில் இருந்தது என் மாமியார் மட்டும்.

"நானா? அந்தச் சீட்லயா? ஐயோ, வேணாம்மா. வண்டி ஓடிச்சின்னா?"

"ஓடாது அத்தை. ஓடாததுதானே பிரச்சனை."

கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்கு ஒரு கல்லும் வைத்துக் காட்டிய பிறகுதான் ஏறினார். கீழ்பென்னாத்தூர் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். இந்த வீட்டில் என் கார் ஓட்டுதலைக் குறை சொல்லாத ஒரே ஜீவன். ஞாயிற்றுக்கிழமைகளில் என் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து அவர் அண்ணன் வீட்டுக்கு வந்து இறங்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். இப்போது ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் தேர் வடம்போலப் பிடித்துக்கொண்டு, "இப்ப திருப்பட்டுமா?" என்று கேட்டார்.

"திருப்புங்க!"

டிக், டிக். பேட்டரியின் இரண்டு முனைகளிலும் மீட்டர் ஒயர்களின் முள்ளைக் குத்திப் பிடித்திருந்தேன். பதினொன்றுக்கு மேலே நின்றது. பேட்டரி நல்லாத்தான் இருக்கு. அடுத்து, அந்த முனைகளைக் கவ்வியிருக்கும் கிளாம்ப்களில் வைத்தேன்.

"திருப்புங்க அத்தை!"

ஏழு. ஒரு விரல்கடை தூரம்கூட இல்லை, நாலு வோல்ட் எங்கேயோ போய்விட்டது. ஒரு முள்ளைப் பேட்டரி முனையிலும் இன்னொன்றை அதே முனையைக் கவ்விய கிளாம்பிலும் வைத்தேன். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கிற இரண்டு உலோகம், நடுவில் எதுவும் காட்டக்கூடாது. பிளஸ் பக்கம் மூன்றைத் தாண்டியது. மைனஸ் பக்கமும் அரைக்கு மேலே. பானட்டுக்கு அடியிலிருந்து நான் போட்ட சத்தத்தில் மாமியார் சாவியை விட்டுவிட்டார்.

ஸ்பேனரால் கிளாம்பைத் தளர்த்திக் கழட்டினேன். உள்வளையத்தில் மஞ்சளும் சிவப்புமாக, சுவருக்குப் பூசிய காரை மாதிரி இறுகிப்போன ஒரு பூச்சு. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தேன். சந்தனம்.

அப்போதுதான் அந்த நாள் ஞாபகத்துக்கு வந்தது. புது பேட்டரியை வாங்கி வந்தது ஆயுத பூஜைக்கு. கடைக்காரர் மாட்டித் தருகிறேன் என்று சொல்லியும் கேட்காமல், வீட்டில் பூஜை போட்டுவிட்டு நானே மாட்டிக்கொள்கிறேன் என்று கணவர் தூக்கி வந்தார். மணையில் வைத்தோம். மாமியார் சந்தனம் குழைத்தார். மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கொம்புக்குப் பொட்டு வைத்துப் பழகிய கை அது. பேட்டரியைப் பார்த்தால் அதற்கும் இரண்டு கொம்பு. இரண்டையும் சுற்றித் தாராளமாகச் சந்தனம் அப்பி, மேலே குங்குமம் வைத்தார். கற்பூரம் காட்டினோம். ஈரம் காய்வதற்குள் நல்ல நேரம் முடியப் போகிறது என்று கணவர் அவசர அவசரமாகப் பேட்டரியை உள்ளே இறக்கி, அந்தச் சந்தனத்தின் மேலேயே கிளாம்பை வைத்து முடுக்கினார். முடுக்கியபோது அங்கங்கே ஈயம் ஈயத்தைத் தொட்டதில் வண்டி ஓடியது. காயக் காயத் தொடர்பு போயிற்று. யாராவது கழட்டி மாட்டினால் கொஞ்சம் சுரண்டப்பட்டு நாலு நாள் வேலை செய்யும். எதிர்வீட்டு ஒயரைக் கிளாம்பில் மாட்டினால் கரண்ட் சந்தனத்தைத் தாண்ட வேண்டியதே இல்லை. எல்லாவற்றுக்கும் பதில் அந்த வளையத்துக்குள் இருந்தது.

மாமியார் இறங்கி வந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். சந்தனத்தை அவருக்குத் தெரியாதா?

"இதனாலயா?"

"ஆமா அத்தை."

"நல்லதுக்குத்தானம்மா வெச்சேன். நீ தனியா அவ்ளோ தூரம் போய்ட்டு வர்ற." கிளாம்பை விரலால் தடவிப் பார்த்தார். "இத்தினி நாளும் எல்லாரும் உன்னைத்தானே கேட்டாங்க."

அவர்மேல் எனக்குக் கோபம் வரவே இல்லை. இத்தனை வாரத்துக் கோபமும் இங்கே ஏன் வரவில்லை என்று எனக்கே ஆச்சரியம். அவர் போய் வெந்நீர் கொண்டுவந்தார். தான் வைத்த பொட்டைத் தானே துடைப்பேன் என்று அடம்பிடித்துத் துடைத்தார். நான் உப்புத்தாள் போட்டு ஈயம் பளபளக்கிற வரைக்கும் தேய்த்தேன். மாட்டி முடுக்கிவிட்டு, "இப்ப நீங்களே எடுங்க" என்றேன். அவர் சாவியைத் தொட்டதுதான், வண்டி எழுந்துவிட்டது. "எடுத்துடுச்சி! எடுத்துடுச்சி!" என்று ஹாரனை வேறு அடித்துவிட்டார்.

நேராகப் பாய் கடைக்கு ஓட்டிப்போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"பொட்டைப் பாத்தேன் டீச்சர். பூஜை போட்டதாச்சே, நாம எதுக்குத் தொடைக்கணும், மனசு கஷ்டப்படுவாங்களேன்னு அலுங்காம கழட்டி அலுங்காம மாட்டுனேன்."

அவர் சொன்னதும் சிரித்துவிட்டேன். சிரித்துவிட்டு, "இனிமே தொடைச்சிடுங்க பாய். ஸ்டார்ட் ஆவலன்னாதான் மனசு கஷ்டப்படும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் கணவர் வந்ததும் சாவியை அவர் கையில் கொடுத்தேன். நிறுத்தி நிறுத்தி எடுத்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் தொட்டவுடன் எடுத்தது. காரணத்தைச் சொன்னேன். உடனே அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "பாத்தியா, உன் பொட்டு பண்ண வேலை" என்றார். மாமியார் தலையைக் குனிந்துகொண்டார்.

"பொட்டு வெச்சது அவங்க. ஈரத்து மேலயே முடுக்குனது யாருங்க?" என்றேன்.

அவர் பேச்சை மாற்றினார். வண்டியைச் சுற்றி வந்து பானட்டைத் தட்டிக்கொடுத்தார். "எப்படியோ, நல்ல நேரத்துல சரி பண்ணே. நாளைக்கு அவரு வரும்போது ஒரே தொடலுல எடுக்கும். பேரம் பேச முடியாது பாரு" என்றார்.

நான் உப்புத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கோளாறு சரியானால் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னவர், சரியானதையும் பார்த்துவிட்டார். இத்தனை வாரம் நான் காரைப் பற்றித்தான் சண்டை போடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது, அவருக்கு முன்னால் அழக்கூடாது என்று உள்ளே போய்ப் பாத்திரம் தேய்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஆள் வந்தார். வயசானவர், மரியாதையானவர். ஸ்டார்ட் செய்தார், தெருக்கோடி வரை ஓட்டிவிட்டு வந்தார், டயரைப் பார்த்தார், சீட்டைத் தடவினார். கணவர் டீ கொண்டுவரச் சொன்னார், கொண்டுவந்தேன்.

"வண்டியை நல்லா வெச்சிருக்கீங்க சார். யாரு ஓட்டுறது?"

"மேடம்தான்" என்றார் கணவர்.

அவர் என் பக்கம் திரும்பினார். "டெய்லி ஓட்டுறீங்களாம்மா?"

"டெய்லி ஓட்டுறேன். ஸ்கூலுக்கு."

"வண்டியில ஏதாவது கம்ப்ளைண்ட்டு?"

"ஒண்ணும் இல்லைங்க. இருந்துச்சி, நேத்து நானே சரி பண்ணிட்டேன்."

"அப்புறம் எதுக்கும்மா குடுக்குறீங்க?"

அந்த மனுஷர் வெகுளியாகத்தான் கேட்டார். இத்தனை நாளில் என்னிடம் கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி அது.

"எனக்குத் தெரியலங்க. அவரைக் கேளுங்க" என்றேன்.

அவர் என் கணவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். உள்ளே கதவோரம் நின்றிருந்த மாமியாரும் பார்த்தார். கணவர் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். சொல்ல வேண்டுமென்றால் அவர் அந்த வீடியோவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஆபீஸ் குரூப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை வெளியாள் முன்னால் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

வந்தவர் டீயை முடித்துவிட்டு, "பேசிட்டுச் சொல்லுங்க சார்" என்று எழுந்து போனார்.

நாங்கள் இன்னும் பேசவில்லை. திங்கட்கிழமை காலையில் சாவியை எடுத்துக்கொண்டு நான் பள்ளிக்குக் கிளம்பினேன்.